ஹிப்ஸ்டர்: இடுப்பில் பிறந்த சொல்லா?

கேள்விக்கொத்து | பிப்ரவரி 3, இரவு 9:12

லோ ஹிப் பேண்ட் போட்டவனுக்குத்தான் முதலில் ‘ஹிப்ஸ்டர்’ என்று பெயர் வந்ததாம். ஹிப் என்றால் இடுப்பு, ஆகவே ஹிப்ஸ்டர் என்றால் இடுப்பன். வாட்ஸப்பில் சுற்றுகிறது. இன்னொரு குழுவில், இது ஆப்பிரிக்க மொழிச் சொல், அந்த மொழிக்கும் தமிழுக்கும் தொப்புள்கொடி உறவு என்கிறார்கள். எது சரி? தாடி, துணிப்பை, ஃபிலிம் கேமரா ஆசாமிகளுக்கு இந்தப் பெயர் எப்போது ஒட்டியது?

அடிக்குறிப்பு | பிப்ரவரி 3, இரவு 10:40

இடுப்பன் கதை நிற்காது. இடுப்பெலும்போடு நிற்கிற பேண்ட்டுக்கும் பாவாடைக்கும் ‘ஹிப்ஸ்டர்’ என்று பெயர் இருந்தது நிஜம். ஆனால் அந்தப் பொருள் அச்சில் தென்பட ஆரம்பிப்பது 1962 வாக்கில். ஆளைக் குறிக்கும் ஹிப்ஸ்டர் 1940, 41லேயே வந்தாயிற்று. இருபது வருஷம் கழித்துத் தைத்த பேண்ட், முன்னால் போனவனுக்குப் பெயர் வைத்திருக்க முடியாது.

எண் ‘ஆறு’ம் ஓடுகிற ‘ஆறு’ம் எழுத்தில் ஒன்று, சொல் இரண்டு. இங்கேயும் அப்படித்தான். இடுப்பு ஹிப் பழைய ஆங்கிலச் சொல். ‘விஷயம் தெரிந்த’ என்ற ஹிப் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கொச்சை. ரோஜாச் செடியின் காய்க்கும் ஹிப் என்றுதான் பெயர். அது மூன்றாவது சொல்.

ஆப்பிரிக்கக் கதைக்கு ஒரு பத்தி போதாது. நாளை.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 4, காலை 7:05

முதலில் வால். அங்கே சண்டை கம்மி.

‘-ஸ்டர்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள். வெப்ஸ்டர், நெய்பவள். பாக்ஸ்டர், ரொட்டி சுடுபவள். பிற்பாடு இவை ஆணுக்கும் ஆகி, சில வெறும் குடும்பப்பெயராக உறைந்துவிட்டன. அதன் பிறகு அந்த விகுதிக்கு லேசாக ஏளன வாடை ஏறியது. ரைம்ஸ்டர் என்றால் கவிஞன் இல்லை, எதுகை மோனை கட்டுகிறவன். ட்ரிக்ஸ்டர் ஏமாற்றுக்காரன். கேங்ஸ்டர் உங்களுக்கே தெரியும்.

தமிழில் ‘-காரன்’ என்று பெயர்த்தால் இந்த வாடை போய்விடும். எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘பேர்வழி’. நல்ல பேர்வழி என்று யாராவது சொன்னால் அவன் நல்லவனா என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோம் இல்லையா, அந்த அளவு ஏளனம்.

‘ஹிப்’புக்கு ‘வெவரம்’. வெவரமான ஆளு என்பதில் புத்திசாலியும் இருக்கிறான், தன் காரியத்தில் கண்ணாக இருப்பவனும் இருக்கிறான். ‘ரொம்ப வெவரம்தான்’ என்று இழுத்துச் சொன்னால் திட்டு. ஆக ஹிப்ஸ்டர் = வெவரப் பேர்வழி. இன்றைக்கு இது வசைச்சொல் ஆகிவிட்டதே என்று வியப்பவர்கள் வாலைக் கவனிக்கவில்லை. வசை பிறக்கும்போதே கூட இருந்தது.

மழைக்காகம் | பிப்ரவரி 4, காலை 9:30

யங்ஸ்டரில் என்ன ஏளனம்?

அடிக்குறிப்பு | பிப்ரவரி 4, காலை 9:41

அடி வாங்கிக்கொள்கிறேன். எல்லா ஸ்டரிலும் ஏளனம் இல்லை. யங்ஸ்டரில் செல்லம்தான் இருக்கிறது. ‘பெரும்பாலும்’ என்று சேர்த்து வாசிக்கவும்.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 4, இரவு 11:15

இப்போது தலை. ஹிப்புக்கு முன்னால் ‘ஹெப்’ என்று ஓர் அண்ணன் உண்டு. அர்த்தம் அதே: சமாச்சாரம் தெரிந்தவன். ஹெப்தான் மூத்தது, அது மழுங்கி ஹிப் ஆனது என்பது பொதுவான நினைப்பு. அகராதிகள் வெகுகாலம் கொடுத்துவந்த ஆண்டுகள் நேர்மாறாக இருக்கின்றன. ஹிப் 1904, ஹெப் 1908. 1904 சான்று ஜார்ஜ் ஹோபர்ட் என்பவர் எழுதிய நகைச்சுவைக் கதையில் வருகிறது. ஊர் ஊராகப் போய் ஒரு ராத்திரி மட்டும் ஆட்டம் போடும் நாடகக் கம்பெனியைப் பற்றியது. இந்த வேகத்தில் போனால் ஜெர்சி சிட்டி போய்ச்சேர 629 ஆட்டம் ஆகும், ‘ஆர் யூ ஹிப்?’ என்று ஒருவன் கேட்கிறான். புரியுதா என்று அர்த்தம்.

நான்கு வருஷ வித்தியாசத்தை வைத்து யார் மூத்தவர் என்று தீர்ப்பு எழுத முடியாது. கொச்சைச் சொல் வாயில் பல வருஷம் புழங்கித்தான் அச்சுக்கு வரும், அதுவும் யார் அச்சடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

சுற்றிலும் உள்ள கதைகளைச் சட்டென்று முடித்துவிடலாம்.

அபின் கதை. அபின் குழாயின் கிண்ணத்தை விளக்குச் சூட்டின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஆவி வரும். அதனால் புகைப்பவன் ஒருக்களித்துப் படுப்பான், இடுப்பு பாயில் பதியும், ஆகவே ஹிப். படுக்கிற விதம் உண்மை. அங்கிருந்து ‘விஷயம் தெரிந்தவன்’ என்பதற்குப் போகும் வழியில் ஒரு சான்றும் இல்லை. இடுப்புக் குப்பி கதை: அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் பின்பாக்கெட்டில் சாராயக் குப்பி வைத்திருந்தவன் என்பார்கள். மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. 1904ஐ என்ன செய்வது? ஜோ ஹெப் கதை: 1914இல் வந்த குற்றவாளிகள் கொச்சை அகராதி ஒன்று, சின்சினாட்டியில் இருந்த கில்லாடித் துப்பறிவாளன் ஹெப்பின் பெயர் என்கிறது. 1941இல் ஒரு மொழி ஆய்விதழ், சிகாகோ சாராயக்கடை முதலாளி என்கிறது. நடப்பது ஒன்றும் புரியாது, ஆனால் எல்லாம் புரிந்ததாக நினைப்பாராம். ஒரே ஆள் இரண்டு ஊரில் இரண்டு தொழில் செய்கிறார் என்றால் அவர் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்விக்கொத்து | பிப்ரவரி 5, காலை 8:20

ஹிப்-ஹாப்பில் இருக்கும் ஹிப்?

அடிக்குறிப்பு | பிப்ரவரி 5, காலை 8:50

அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பிறப்பு வேறு. நியூயார்க்கில் கீஃப் கௌபாய் என்ற ராப் கலைஞர், ராணுவத்தில் சேரப்போன நண்பனைக் கிண்டலடிக்க, லெஃப்ட் ரைட் நடைத்தாளம் மாதிரி மேடையில் ‘ஹிப் ஹாப் ஹிப் ஹாப்’ என்று பாடினார், 1970களின் கடைசியில். முதலில் சொன்னது நான்தான் என்று லவ்பக் ஸ்டார்ஸ்கியும் உரிமை கொண்டாடினார். ‘வெவரம்’ ஹிப் அதற்குள் ஊரறிந்த சொல்லாகிவிட்டதால் காதில் அதுவும் சேர்ந்து ஒலித்திருக்கும். நம்மூர் ஹிப்ஹாப் தமிழா பெயரில் இருப்பது இந்த நடைத்தாளத்தின் பேரன்.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 5, இரவு 10:02

ஆப்பிரிக்கக் கதை. நிதானமாக.

1960களின் இறுதியில் டேவிட் டால்பி என்ற ஆப்பிரிக்க மொழி அறிஞர், அமெரிக்கக் கொச்சைச் சொற்கள் பலவற்றுக்கு மேற்கு ஆப்பிரிக்க வேர் இருக்கலாம் என்றார். ஹிப்புக்கு அவர் காட்டியது செனகல் பகுதியின் வொலோஃப் மொழி. அதில் கண் திறந்திருப்பதைக் குறிக்கும் ஒரு வினை உண்டு, ‘ஹிப்பி’க்கு நெருக்கமான ஒலி. வினையோடு ‘-கட்’ சேர்த்தால் அதைச் செய்பவர். ஜாங்கலெகட் என்றால் ஆசிரியர். கண் திறந்தவர் ‘ஹிப்பிகட்’, அதுவே ஆங்கிலத்தில் ‘ஹெப்கேட்’ (வெவரமான இசைப்பிரியன்) ஆனது என்பது வாதம்.

அழகான வாதம். அர்த்தமும் ஒலியும் விகுதியும் ஒரே இடத்தில் விழுகின்றன. பல புத்தகங்கள் இதை முடிந்த முடிவாகவே எழுதிவிட்டன. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் அமெரிக்கப் பகுதி ஆசிரியர் ஜெஸ்ஸி ஷைட்லோவர் இதை மறுத்து எழுதினார்.

தடங்கல்கள் மூன்று. வொலோஃப் சொல்லின் முதல் எழுத்து ‘ஹ’ அல்ல, தொண்டையில் உரசும் ஒலி. அது ஹ ஆகாது. இரண்டாவது, ‘ஹெப்கேட்’ ஒட்டுமொத்தமாகக் கப்பலில் வந்திருந்தால் முதலில் அதுவே தென்பட வேண்டும். தென்படுவதோ தனி ஹிப், தனி ஹெப். ஹெப்கேட் வருவது 1930களின் ஸ்விங் இசைக் காலத்தில், முப்பது வருஷம் தாமதமாக. மூன்றாவது, அடிமை வணிகக் காலத்துக்கும் 1904க்கும் நடுவே ஒரு வரி சான்று இல்லை. நிலக்கடலைக்கு அமெரிக்கத் தெற்கில் ‘கூபர்’ என்பார்கள், காங்கோ பகுதியின் ‘ங்கூபா’விலிருந்து. அது 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அச்சில் இருக்கிறது. தடம் இருக்கும் சொல்லுக்குத் தடம் இருக்கிறது.

மழைக்காகம் | பிப்ரவரி 6, அதிகாலை 1:17

‘ஹிப்பி’ என்றே வொலோஃபில் இருக்கிறதே, 60களின் ஹிப்பி அங்கிருந்து நேராக வந்துவிட்டான் போல!

அடிக்குறிப்பு | பிப்ரவரி 6, காலை 6:48

மேலே எழுதியதில் முதல் தடங்கலை வாபஸ் வாங்குகிறேன். தொண்டை உரசல் ஒலியை ஆங்கிலக்காரர் நாக்கு ஹ ஆக்குவது சகஜம். ஸ்பானிஷ் பெயர்களில் தினமும் நடக்கிறது. ஒலியை வைத்து இந்த வாதத்தை அடிக்கக்கூடாது.

மூன்றாவதிலும் ஒரு நியாயம் விட்டுப்போயிற்று. கறுப்பின மக்களின் பேச்சு அந்தக் காலத்தில் அச்சேறுவதே அரிது, ஏறினாலும் கேலிக்காக. அச்சில் இல்லை என்பதால் வாயில் இல்லை என்று ஆகாது. ஆனால் ‘இருந்திருக்கலாம்’ என்பது சான்றின் இடத்தை நிரப்பாது. இன்றைய நிலவரம்: வேர் தெரியாது, வொலோஃப் ஒரு யூகம்.

மழைக்காகம், 60களின் ஹிப்பி வீட்டுக்குள்ளேயே பிறந்தவன். ஹிப்ஸ்டர் ஆக முயல்கிற பொடியனை 50களில் ஜாஸ் வட்டாரம் இளக்காரமாகக் கூப்பிட்ட பெயர் அது. கடைசி ‘இ’ ஆங்கிலக் குறுமை விகுதி. 1965 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ எக்சாமினர் பத்திரிகையில் மைக்கேல் ஃபாலன், ஹெய்ட்–ஆஷ்பரி பகுதி காபிக்கடை ஒன்றைப் பற்றி எழுதும்போது அந்தப் புதிய கூட்டத்துக்கு இந்தப் பெயரைப் போட்டார், நிலைத்துவிட்டது. நமக்கு ஹிப்ஸ்டர் வருவதற்கு வெகு முன்பே மகன் வந்துவிட்டான். ‘ஹிப்பித் தலை’ என்று திட்டு வாங்காத 70களின் கல்லூரி மாணவன் உண்டா?

கேள்விக்கொத்து | பிப்ரவரி 6, மாலை 6:30

தமிழ் உறவுக்குப் பதில் வரவில்லை.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 6, இரவு 9:55

அந்தக் கதைக்கு ஒரு நிஜமான வால் இருக்கிறது, அதனால்தான் ஒதுக்க மனமில்லை. செனகலின் அன்றைய குடியரசுத் தலைவரும் கவிஞருமான லெயோபோல்ட் செதார் செங்கோர் திராவிட–ஆப்பிரிக்க உறவில் தீவிர நம்பிக்கை உள்ளவர். 1974இல் சென்னையில் அதைப் பற்றியே உரையாற்றினார். செனகல் தலைநகர் டக்காரில் இருக்கும் இஃபான் ஆய்வு நிறுவனத்தில் உபாத்தியாயா தம்பதி திராவிட மொழிகளையும் வொலோஃப் முதலான மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். பிறகு துளுவுக்குப் பேரகராதி தொகுத்தவர் அதே யு.பி. உபாத்தியாயாதான். விளையாட்டு ஆட்கள் இல்லை.

இருந்தும், வொலோஃபை மொழியியலாளர்கள் நைஜர்–காங்கோ குடும்பத்தின் அட்லாண்டிக் கிளையில் வைக்கிறார்கள். திராவிடத்தோடு பிறப்புறவு நிறுவப்படவில்லை. ஒட்டுநிலை அமைப்பு இரண்டிலும் உண்டு என்பது உறவுக்குப் போதாது. துருக்கியிலும் ஜப்பானியத்திலும் கூடத்தான் உண்டு. ஒப்பிடுகிறவர் ஒலி மாற்ற விதியைச் சொல்லி, அதே விதி இருபது முப்பது அடிப்படைச் சொற்களில் தவறாமல் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். ‘விழி’யும் ‘ஹிப்பி’யும் இரண்டுமே கண் சம்பந்தம் என்று நிறுத்தினால் அது ஒப்பீடு இல்லை, ஜோசியம்.

வாட்ஸப் செய்தி இரண்டு யூகங்களை முடிச்சுப் போடுகிறது. ஹிப் வொலோஃப் என்பது முதல் யூகம், வொலோஃப் தமிழின் உறவு என்பது இரண்டாவது. நிற்காத இரண்டு ஏணிகளை ஒன்றின் மேல் ஒன்று சாத்தினால் மாடி வராது.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 8, காலை 10:20

பிறப்பை விட எனக்குச் சுவையாக இருப்பது ஹெப் செத்த விதம்.

1938இல் இசைக்குழுத் தலைவர் கேப் கேலோவே, நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமின் இசைக்காரர்கள் பேசிய ‘ஜைவ்’ கொச்சையைத் தொகுத்து ஒரு சிறு அகராதி போட்டார். தலைப்பிலேயே ‘ஹெப்ஸ்டர்’ இருக்கிறது. திரும்பத் திரும்பப் பதிப்பித்தார். 1944 பதிப்பைத் திறந்தால் ‘ஹெப் கேட்’ என்பதற்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த, ஜைவ் புரிந்த ஆள் என்று விளக்கம். சற்றுக் கீழே ‘ஹிப்’ தனியாக நிற்கிறது: புத்திசாலி, நாகரிகம் தெரிந்தவர், காலில் பூட்ஸ் போட்டவர். அட்டையில் ஹெப், உள்ளே ஹிப்.

அதே 1944இல் ஹாரி கிப்சன் என்ற பியானோக்காரர் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அன்றைய ஆல்பம் நிஜமாகவே ஆல்பம்: 78 சுற்று இசைத்தட்டுகளை உறைகளில் செருகித் தைத்த புத்தகம், தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் ஓடும். கூடவே ஜைவ் புரியாதவர்களுக்காக ஒரு குட்டிச் சொற்பட்டியல். அதில் ‘ஹிப்ஸ்டர்கள்’ என்பதற்கு விளக்கம்: சூடான ஜாஸ் பிடிக்கும் கேரக்டர்கள். ‘கேரக்டர்’ என்பது இங்கே நம் பேர்வழியேதான். ஹாரி தன் பெயருக்கு நடுவிலேயே ‘தி ஹிப்ஸ்டர்’ என்று பட்டம் வைத்துக்கொண்டவர். அந்தச் சொல்லைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்வது அன்றைக்கு வெட்கமில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஏன் ஒன்று ஏறி இன்னொன்று இறங்கியது? உள்ளே இருப்பவனை அடையாளம் காட்டுவதுதான் இந்தச் சொல்லின் வேலை. அகராதி போட்டு விற்றுவிட்டால் வெளியே இருப்பவனும் சொல்வான், அப்புறம் அது எதை அடையாளம் காட்டும்? 50களில் ஒருவர் ‘நான் ஹெப்’ என்றால் அவர் ஹெப் இல்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. மாமா ‘செம கெத்து’ என்று சொல்ல ஆரம்பித்ததும் மருமகன் சொல்வதை விட்டுவிடுகிறான், அதே விவகாரம். ஓர் உயிரெழுத்தை மாற்றி ஹிப் என்றவர்கள் தப்பித்தார்கள்.

மழைக்காகம் | பிப்ரவரி 8, மதியம் 1:45

இசைக்காரர்கள் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பலாமா? 1992இல் நியூயார்க் டைம்ஸ் ‘கிரஞ்ச்’ இசைக் கூட்டத்தின் கொச்சை என்று ஒரு பட்டியல் போட்டு மாட்டிக்கொண்டதே.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 8, மதியம் 2:30

சரியான இடத்தில் கிள்ளினீர்கள். இசைத்தட்டு நிறுவன ஊழியர் ஒருவர் தொலைபேசியில் வாய்க்கு வந்ததை எல்லாம் அள்ளிவிட்டார், பத்திரிகை அச்சடித்தது. அதனால்தான் சொற்பட்டியலில் மட்டும் இருக்கும் சொல்லை எண்ணக்கூடாது. யாராவது அதை வேறு வேலையாகப் பேசும்போது பயன்படுத்தியிருக்க வேண்டும். 629 ஆட்டம் கணக்குப் போட்டவன் ஹிப்பை விளக்க வரவில்லை, ஜெர்சி சிட்டி எப்போது போய்ச்சேர்வது என்று புலம்பிக்கொண்டிருந்தான். அந்தச் சான்று தங்கம்.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 9, இரவு 11:30

தாங்களே தேடிப்பார்ப்பதாக மூன்று பேர் தனிச்செய்தி. எங்கே சறுக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்களில் ஒரு சொல் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வருகிறது என்று காட்டுவது கூகுள் என்கிராம் வரைபடம். அதில் ஒரு சொல் குறைந்தது 40 புத்தகங்களில் இருந்தால்தான் கணக்கில் வரும். அதனால் 1940இல் கோடு தரையில் கிடந்தால் சொல் இல்லை என்று பொருளல்ல. ‘மென்மையாக்கல்’ அளவு இயல்பாக 3இல் இருக்கும். இரு பக்கமும் மூன்று மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் 1944இல் எழும்பியது 1941லேயே எழும்பியது போலத் தெரியும். 0 ஆக்குங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் அணைத்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் தொகுப்பை எடுத்தால் 60களுக்குப் பிறகு பாதி பேண்ட்தான் வந்து விழும். பேண்ட் பன்மையில் வரும், ஆள் ஒருமையிலும் வருவான். ஆகவே ‘ஹிப்ஸ்டர்ஸ்’ வேண்டாம், ‘எ ஹிப்ஸ்டர்’ என்று ஒருமைக் குறியோடு தேடுங்கள். ‘ஹிப்ஸ்டர் ஸ்கர்ட்’ மாதிரி சில அப்போதும் நுழையும், கையால் களைய வேண்டும்.

1940க்கு முந்தைய ஹிப்ஸ்டர் கிடைத்துவிட்டது என்று குதிக்கும் முன் ஸ்கேன் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். ‘விப்ஸ்டர்’ என்று பழைய சொல் ஒன்று உண்டு, அற்பப் பொடியன் என்பது போல. முதல் எழுத்து கறையில் மறைந்தால் எந்திரம் அதை ஹிப்ஸ்டர் என்று வாசிக்கும். குதிரைப் பந்தயப் பக்கத்தில் ‘டிப்ஸ்டர்’ அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது ஆண்டு. இதழ்த் தொகுதிகளுக்கு முதல் இதழின் ஆண்டையே எல்லாவற்றுக்கும் போட்டிருப்பார்கள். 1899 என்று காட்டினால் கூடுதல் சந்தேகம் வேண்டும். கூகுள் புத்தகத் தரவுத்தளத்தில் தவறான ஆண்டுகள் 1899இல் வந்து குவிந்தது ஊரறிந்த கோளாறு. பக்கத்துக்குள்ளேயே கார் மாடலோ தேர்தலோ ஏதாவது இருக்கும், அதை வைத்து ஆண்டைப் பிடிக்கலாம்.

‘ஹிப்’பைத் தனியாகத் தேடவே தேடாதீர்கள். இடுப்புமூட்டு வலி, சாய்கூரை வீட்டு விளம்பரம், ரோஜாக்காய் ஜாம் எல்லாம் வரும். ‘ஹிப் டு’ என்று தேடினால் தீரும் என்பார்கள். ‘இடுப்பிலிருந்து முழங்கால் வரை’ என்ற தையல் அளவெல்லாம் வந்து நிற்கும். ‘காட் ஹிப் டு’, ‘ஆர் யூ ஹிப்’ என்று வினையோடு சேர்த்துத் தேடுங்கள். பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசத் தளம் போதும். ஜோனதன் கிரீனின் கொச்சை அகராதியும் இணையத்தில் இருக்கிறது, மேற்கோள்கள் ஆண்டு வரிசையில்.

கேள்விக்கொத்து | பிப்ரவரி 10, காலை 7:40

ஜாஸ் கேட்டவனிடமிருந்து தாடிக்காரனுக்கு எப்படி வந்தது? அதைச் சொல்லாமல் தப்பிக்கிறீர்கள்.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 10, இரவு 10:10

நடுவில் தோல் நிறம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

1948இல் பார்ட்டிசன் ரெவ்யூ இதழில் அனடோல் ப்ரொயார்ட் ஹிப்ஸ்டரின் சித்திரத்தை எழுதினார். அவர் பார்த்த ஹிப்ஸ்டர், உலகத்தில் தனக்கு இடமில்லாததால் தனக்கென ஒரு பாஷையையும் பாவனையையும் கட்டிக்கொண்ட கறுப்பு நகரவாசி. பிறகு அறிவுஜீவிகள் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாட, அவனும் வெறும் தோரணையாகிப் போனான் என்று முடித்தார். ப்ரொயார்ட் நியூ ஆர்லியன்ஸின் கலப்பினக் குடும்பத்தில் பிறந்து வெள்ளையராகவே வாழ்ந்தவர் என்பது அவர் 1990இல் இறந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. தோரணை பற்றி அவருக்குத் தெரியாததா?

1957இல் நார்மன் மெய்லர் டிசென்ட் இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் ஹிப்ஸ்டர் வெள்ளையன் ஆகிறான், கறுப்பு வாழ்க்கையின் ஆபத்தையும் வேகத்தையும் இரவல் வாங்குகிறவன். ஜேம்ஸ் பால்ட்வினுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1961இல் பதில் எழுதினார். கறுப்பர்களைப் பற்றிய கட்டுக்கதையைத்தான் மெய்லர் காதலிக்கிறார், மனிதர்களை அல்ல என்பது அதன் சாரம் என்று எனக்குப் படுகிறது. ஒன்பது வருஷத்தில் சொல் கைமாறிவிட்டது. தெரிந்தவனைக் குறித்தது, தெரிந்தவனைப் பார்த்துச் செய்கிறவனைக் குறிக்கிறது. தாடிக்காரனுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பொருள்.

அப்புறம் நீண்ட தூக்கம். 1999 வாக்கில் நியூயார்க்கில் எழுந்தது. மன்ஹாட்டன் வாடகை கட்டுப்படியாகாத இளைஞர்கள் எல் ரயிலில் ஆற்றைக் கடந்து, புரூக்ளினில் முதல் நிறுத்தமான பெட்ஃபோர்டு அவென்யூவில் இறங்கினார்கள். அதுதான் வில்லியம்ஸ்பர்க். லாரி ஓட்டுநர் தொப்பி, பாப்ஸ்ட் மலிவு பீர், உழைப்பாளி உடையை வேலையில்லாமல் போடுவது. 2003இல் ராபர்ட் லான்ஹாம் இவர்களுக்குக் கையேடே எழுதினார், முழுக்கக் கிண்டல். 2005இல் வில்லியம்ஸ்பர்க் ஆற்றங்கரையில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட நகரம் விதிகளை மாற்றியது. வாடகைக்காக வந்தவர்களை வாடகையே துரத்தியது. 2009 ஏப்ரலில் என்-பிளஸ்-ஒன் பத்திரிகை நியூ ஸ்கூலில் ஒரு விவாதம் வைத்தது. மறு ஆண்டு புத்தகமாக வந்தபோது ஹிப்ஸ்டரைத் தலைப்பிலேயே இறந்தகாலத்தில் போட்டார்கள். அதே 2010இல் நியூயார்க் டைம்ஸின் மொழிநடை ஆசிரியர், தங்கள் பத்திரிகையே இந்தச் சொல்லை அளவுக்கு மேல் உபயோகிப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். செத்ததாகச் சொன்ன ஆண்டிலும் நிறையப் புழங்கியிருக்கிறது.

ஹாரி கிப்சன் பட்டமாகச் சூட்டிக்கொண்டதை, இந்தத் தலைமுறையில் ஒருவரும் தன் மேல் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதும் பக்கத்து மேசைக்காரன்தான் ஹிப்ஸ்டர்.

சைக்கிள்மணி | பிப்ரவரி 11, காலை 6:15

ஃபிக்ஸி சைக்கிளை விட்டுவிட்டீர்களே. இவர்கள் கையில் அது சிக்கியதும் ரிப்பேர்க்காரர்களுக்கு வந்த தலைவலியில் ‘வெவர’த்துக்கும் ‘சீன் போடு’வதற்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ஃபிக்ஸியில் ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பின் ஹப்பில் பல்சக்கரம் வலது மரையில் ஏறும், அதாவது வலப்பக்கம் திருகினால் இறுகும். அதன் மேல் இறுக்குகிற லாக் ரிங் இடது மரை, நேர்மாறு. வேகம் குறைக்கக் காலைப் பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும், அதே திசைத் திருப்பு இடது மரை ரிங்கை இறுக்கும். அதனால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அழகுக்காகச் செய்கிறவர், சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரத்தைத் திருகி, மேலே பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு இருக்கும் பகுதி) வலது மரை ரிங் ஒன்றைப் போட்டு விடுவார். ஒரு வாரம் ஓடும். ஓர் இறக்கத்தில் பின்னழுத்தும்போது இரண்டும் சேர்ந்து கழன்று வரும். பிரேக்கும் கழற்றிவிட்ட வண்டி என்றால் அவ்வளவுதான்.

இன்னொன்று பல் கணக்கு. முன்னால் 48, பின்னால் 16 என்றால் சரியாக 3. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று. சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் பெடல் சுற்றுக்கு 6.3 மீட்டர், நிமிஷத்துக்கு 80 மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். நல்ல கணக்குதான். ஆனால் பெடலைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும்போது கால் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும், மீதியில்லாத விகிதம் என்பதால் டயரும் ஒரே இடத்தில் தேயும். சில வாரத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் நூல் தெரியும். பின்னால் ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால் 48க்கும் 17க்கும் பொது வகுத்தி இல்லை. தேய்மானம் 17 இடத்துக்குப் பிரிந்துவிடும். ஓட்டத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

16 போட்டவன் இன்றைய ஹிப்ஸ்டர். 17 போட்டவன் 1944இன் ஹிப்ஸ்டர்.

அடிக்குறிப்பு | பிப்ரவரி 11, காலை 7:02

ஒரு வாரமாக நான் தட்டியதை ஒரு பல்லில் முடித்துவிட்டீர்கள்.

கேள்விக்கொத்து | பிப்ரவரி 12, இரவு 8:33

இழை முழுவதையும் சுருக்கி அந்த வாட்ஸப் குழுவில் போட்டேன். 1904, 1962, ஏணி எல்லாம். ஒரே பதில் வந்தது: ‘ரொம்ப வெவரம்தான்.’